ஒப்பாரியில் இருப்பது துயரம் மட்டும்தானா?

கேள்வி (தாராவி, மும்பை)

வணக்கம். சென்ற மாதம் எங்கள் ஆச்சி இங்கே காலமானார். திருநெல்வேலியிலிருந்து வந்த பெரிய அத்தை ஆச்சியின் காலடியில் அமர்ந்து ஒப்பாரி வைத்தார். முதலில் தாயின் அருமையைச் சொல்லி அழுதவர், தம்பிகள் படிப்பதற்காக எட்டாம் வகுப்போடு தம் படிப்பு நின்றதையும், ஊரிலிருந்த வயலைப் பங்கிட்டபோது தம்மை ஒரு வார்த்தை கேட்காததையும் அதே ராகத்தில் பாடிவிட்டார். சித்தப்பா தலைகுனிந்து நின்றார். இழவு வீட்டில் இது முறையா என்று உறவினர் சிலர் முணுமுணுத்தது எனக்கு வலித்தது. மரணத் துயரும் அநீதியைக் கேட்கும் குரலும் நம் இலக்கியத்தில் இப்படிச் சேர்ந்து வந்திருக்கின்றனவா?

மறுமொழி 1 (மாட்டுங்கா)

சேர்ந்தே வந்திருக்கின்றன, தம்பி. சிலப்பதிகாரம் என்றதும் எல்லோரும் பாண்டியன் அவையைத்தான் சொல்வார்கள்; நீங்கள் அதற்கு முந்தைய ஊர்சூழ் வரியைப் படியுங்கள். வெட்டுண்ட கோவலன் உடலின் முன் அழும் கண்ணகி, இவ்வூரில் பெண்டிரும் உண்டுகொல், சான்றோரும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல் என்று கேட்கிறாள். வழக்குரைக்க அரண்மனைக்குப் போவதற்கு முன்பே, அந்த அழுகையிலேயே மதுரை முழுவதும் குற்றவாளியாகிவிடுகிறது.

மறுமொழி 2 (செம்பூர்)

வாய்விட்டுக் கேட்காத பாட்டும் உண்டு. புறநானூற்றின் 112-ஆம் பாடலில் பாரி மகளிர், அந்த நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இந்த நிலவில் இரண்டும் இல்லை என்று ஐந்தே அடிகளில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் பகைவரை ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்கிறார்கள். மூவேந்தரும் பாரியை வஞ்சனையால்தான் வீழ்த்தினர் என்பதை அறிந்தவர்க்கு அந்த ‘வென்று’ என்ற சொல் நெஞ்சில் தைக்கும்.

மறுமொழி 3 (தாராவி)

என் அம்மாவும் ஒப்பாரி பாடியவர். கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டில் தனக்குள்ள குறையைச் சபையறியச் சொல்ல அவளுக்கு அந்த ஒரு நாள்தான் வாய்த்தது. அழுகிறவளை யாரும் வாயை மூடச் சொல்வதில்லை. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இல்தான் வந்தது, அதுவும் முன்பே மணமானவர்களை விட்டுவிட்டு. உங்கள் அத்தை செய்தது முறைதான் ஐயா.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நான் பாதியில்தான் கைப்பேசியில் பதிவுசெய்யத் தொடங்கினேன். வயலைப் பற்றிய அடிகள் மட்டுமே அதில் இருக்கின்றன. முன்பகுதியைப் பாடும்படி நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். எதிரே அம்மா கிடக்காமல் அது வாயில் வராது என்கிறார் அத்தை.