பனிமய மாதா திருவிழா: தங்கத்தேர் இல்லாத வருஷம் தூத்துக்குடிக்குப் போகலாமா?

பெரம்பூர் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். என் மாமியார் பிறந்தது தூத்துக்குடி, கல்யாணம் ஆகி சென்னைக்கு வந்தவர், இப்போது எழுபத்தெட்டு வயது. மாதா திருவிழாவுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். இந்த வருஷம் கூட்டிப் போகலாம் என்று முடிவு செய்து உறவுக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர், "தங்கத்தேர் இல்லாத வருஷம் போய் என்ன செய்யப் போறீங்க, அடுத்த தேருக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். தேர் வருஷா வருஷம் ஓடும் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். அடுத்த தேர் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுவரை காத்திருக்கிற வயதும் மாமியாருக்கு இல்லை.

அதனால் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். தேர் இல்லாவிட்டால் பார்க்க என்ன இருக்கிறது? அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது, எந்த நாள் வந்தால் நல்லது? கூட வருகிற மகன் பத்தாம் வகுப்பு, அவனுக்குச் சரித்திரம் பிடிக்கும், கோவிலைப் பற்றி அவனிடம் என்ன சொல்லலாம்? இன்னொன்று, மாமியாருடைய அப்பாவின் ஞானஸ்நானப் பதிவு பெரிய கோவிலில், அதாவது மாதா கோவிலில், இருக்கும் என்கிறார், அதைப் பார்க்க வழி உண்டா?

பீச் ரோட்டுப் பையன்

அக்கா, தாராளமா கூட்டிட்டு வாங்க. தேர் ஓடினாத்தான் திருவிழா என்றால் எங்கள் ஊரில் திருவிழாவே அபூர்வமாகத்தானே நடந்திருக்கும்? 1806ல் முதல் தேர் ஓடியது, 2023ல் ஓடியது பதினாறாவது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மொத்தம் அவ்வளவுதான். ஆனால் கொடி ஒவ்வொரு வருஷமும் ஜூலை 26 அன்று ஏறிவிடும், ஆகஸ்ட் 5 பெருவிழா.

எனக்கு அந்தப் பதினோரு நாளில் பெரிய நாள் கொடியேற்றம்தான். முந்தின நாள் சாயங்காலமே கொடிப்பவனி வரும். மறுநாள் காலை பூசை முடிந்ததும் கோவில் முன்னால் இருக்கிற கொடிமரத்தைச் சுற்றிக் கால் வைக்க இடம் இருக்காது. பெண்கள் சொம்பில் பால் கொண்டு வந்திருப்பார்கள், சிலர் கையில் பழத்தட்டு இருக்கும், எல்லாம் நேர்ச்சை. கொடி மேலே ஏற ஏறத் துறைமுகத்தில் இழுவைக் கப்பல்கள் சங்கு ஊதும், புறா பறக்க விடுவார்கள், கூட்டம் மொத்தமும் "மரியே வாழ்க" என்று கத்தும். அந்தச் சங்குச் சத்தம் தெருவுக்குள் வீட்டில் படுத்திருக்கிற எங்கள் பாட்டிக்கும் கேட்கும், அவர் அங்கேயே எழுந்து உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொள்வார். அப்புறம் பாலையும் பழத்தையும் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள், யார் எவர் என்று பார்ப்பதில்லை.

எங்கள் ஆட்கள் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை, பெருவிழா அன்றும் போவதில்லை. ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அது முடிந்து விசைப்படகெல்லாம் தொழிலுக்குப் போய் வீட்டில் கொஞ்சம் காசு புழங்குகிற நேரத்தில் திருவிழா வரும். அந்த நேரத்தில் ஒரு நாள் தொழிலை விடுவது சின்ன விஷயம் இல்லை. யாரும் கட்டாயப்படுத்துவதும் இல்லை, தானாகவே நிற்கும்.

ஆகஸ்ட் 5 ராத்திரி சப்பர பவனி. பெரியவர்களுக்கு அது கஷ்டம்தான், கோவில் பக்கம் வரவே முடியாது. ஆனால் சப்பரம் தெருத்தெருவாக வரும் அக்கா. பவனி வருகிற தெருவில் தெரிந்தவர்கள் வீடு இருந்தால் வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், மாதா அவரைத் தேடி வந்துவிடும்.

வேம்பாறு டீச்சர்

அம்மா, உங்கள் மகனுக்காக எழுதுகிறேன், நான் பள்ளியில் வரலாறு நடத்தினவள், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரையின் மீனவ சமூகமான பரதவர்கள் 1530களிலேயே கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டார்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542ல். அவருக்குத் தமிழ் தெரியாது, செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார் என்று அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது. அவருக்கு அப்புறம் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார் புன்னைக்காயலில் இருந்துகொண்டு தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார். 1578ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சானது அவரால். அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கரைப் பரதவர்கள். கடலில் மூழ்கி முத்து எடுத்த காசு தமிழ் அச்சுக்குப் போயிருக்கிறது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் கடற்கரைத் தெருப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், அவர்கள் பாடப் புத்தகத்தில் அவர்களுடைய பாட்டன்களைப் பற்றி வேறு எங்கே வருகிறது?

மாதா சுரூபம், அதாவது சிலை, 1555ல் சாந்தா ஹெலேனா என்ற கப்பலில் வந்தது என்பது ஊர் வழிவழியாகச் சொல்லி வருவது. 1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் புராட்டஸ்டண்ட் சீர்திருத்த சபை, கத்தோலிக்கருக்குக் கஷ்டகாலம். அப்படி இருந்தும் இப்போது நிற்கிற கோவில் எழும்பியது அவர்கள் ஆட்சியில்தான். 1707 ஏப்ரலில் இடி விழுந்தபோது மாதா காப்பாற்றினாள் என்று நன்றிக்காகக் கட்டத் தொடங்கி, 1713 ஆகஸ்ட் 2 அன்று கோவில் திறந்தது. டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று 1750ல் கட்டின சர்ச்சும் அதே கடற்கரைச் சாலையில் இருக்கிறது, இரண்டையும் மகனுக்குக் காட்டுங்கள். ஆட்சி செய்தவர்கள் போய்விட்டார்கள், மாதா கோவிலில் இன்றைக்கும் கால் வைக்க இடமில்லை.

தேரைக் கட்டியது பரதவர் தலைவர் தொன் கபிரியேல் தெ குருஸ் வாஸ் கோமஸ், 'தேர் மாறன்' என்று ஊர் சொல்வது அவரைத்தான். ஐம்பது அடிக்கு மேல் உயரம். அவ்வளவு பெரிய தேரை நினைத்த வருஷம் இழுக்க முடியாது. தங்கத்தகடு வேலை, போகிற வழியில் மின்கம்பி இறக்குவது என்று பெரிய ஏற்பாடு, அதனால் பெரிய நினைவாண்டுக்குத்தான் எடுப்பார்கள். 1982ல் கோவில் பசிலிக்கா ஆனபோது ஓடியது, 2013ல் இந்தக் கட்டடத்துக்கு 300 ஆண்டு, 2023ல் மறைமாவட்டத்துக்கு நூறாண்டு. 1923ல் அந்த மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராக வந்த திபூர்சியுஸ் ரோச் ஆண்டவர் புன்னைக்காயல்காரர், நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயர். இதையும் சொல்லுங்கள்.

ஆயருடைய பேராலயம் திரு இருதய ஆலயம். ஊரில் அதற்குச் சின்னக்கோவில் என்று பெயர், மாதா கோவில்தான் பெரிய கோவில். ஆட்டோக்காரரிடம் சரியாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாறிப் போய்விடுவீர்கள்.

முருகேசன் தூத்துக்குடி

நாங்கள் இந்து. எங்கள் வீட்டிலும் ஆகஸ்ட் 5 திருவிழாதான், மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அம்மா வருஷம் தவறாமல் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவார். என் தம்பிக்குச் சின்ன வயதில் உடம்பு சரியில்லாதபோது தஸ்நேவிஸ் மாதாவிடம், பனிமய மாதாவைத்தான் அப்படிச் சொல்வோம், நேர்ந்துகொண்டது. அந்த நேர்ச்சை எப்போதோ முடிந்துவிட்டது, போவது நிற்கவில்லை.

அக்கா, ஒன்று மட்டும் சொல்கிறேன். 5ஆம் தேதி ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும், முன்கூட்டியே போடுங்கள். சாயங்காலம் மகனுக்குக் கடைகளைச் சுற்றிக் காட்டுங்கள், அப்படியே மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும்தான், ஆனால் வாயில் வைத்தால் கரையும். மழைக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும், டப்பாவில் போட்டுக் கொண்டு போங்கள்.

கொழும்புத்துறை வாசி

பதிவேடு பற்றி நான் சொல்கிறேன். எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர், அங்கே தூத்துக்குடிப் பரதவர் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய ஞானஸ்நானத்தைத் தேடி நானும் பங்கு அலுவலகத்தில் நின்றிருக்கிறேன்.

சும்மா போய் "தாத்தா பெயர் இது" என்றால் கிடைக்காது. ஞானஸ்நானப் பெயர், அப்பா அம்மா பெயர், ஏறக்குறைய எந்த வருஷம், முடிந்தால் ஞானப்பெற்றோர் பெயர், இவ்வளவும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். பெர்னாண்டோ, மச்சாது, மிராண்டா, கொரைரா என்று ஒரே குடும்பப் பெயரில் ஊர் நிறையப் பேர் இருப்பார்கள், அதனால் அம்மா பெயர் தெரியாமல் போனால் எந்த அந்தோணி என்று கண்டுபிடிக்கவே முடியாது. பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம், பயப்பட வேண்டாம், பெயர்களைப் பார்த்தாலே பிடிபடும். அந்தோணி அங்கே அந்தோனியுஸ் ஆகியிருப்பார்.

முக்கியமாக, திருவிழா நாட்களில் இதைக் கேட்காதீர்கள். சாமியாரில் இருந்து உபதேசியார் வரை யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. முன்னாலேயே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு, திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு காலை நேரம் போங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள், அவருக்குத் தெரிந்த உறவுமுறைப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கே ஒரு நோட்டில் அவரிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.

பெரம்பூர் மருமகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் எழுதினதை மகனிடம் காட்டினேன், முத்துக்குளித்த காசில் புத்தகம் அச்சானதைப் பற்றி இப்போதே கேள்வி மேல் கேள்வி. மாமியாரிடம் ஞானப்பெற்றோர் பெயரைக் கேட்டேன், யோசிக்காமல் சொன்னார், கூடவே தெருவில் இருந்த பாதிக் குடும்பங்களின் பெயரும் வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சுரூபத்துக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார முடியுமா என்று. 5ஆம் தேதி அது நடக்குமா?

பீச் ரோட்டுப் பையன்

5ஆம் தேதி நடக்காது அக்கா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நவநாள் நடுவில் ஞாயிறு இல்லாத நாளாகப் பார்த்து வாங்க. அந்த நாட்களில் மீனவர், நோயாளிகள், இளையோர் என்று ஒவ்வொரு தரப்புக்கும் தனியாகப் பூசை இருக்கும், நோயாளிகளுக்கான நாள் எது என்று அந்த வருஷ நிகழ்ச்சி நிரலில் பாருங்க, அது அம்மாவுக்குச் சரியாக இருக்கும். ஞாயிறு என்றால் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை, சாயங்காலம் நற்கருணை பவனி, கூட்டம் தாங்காது.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கினால் ஸ்டேஷனில் இருந்து ஆட்டோவில் சீக்கிரம் வந்துவிடலாம். வெயில் ஏறுவதற்குள் கோவிலுக்குள் போய்விடுங்கள், காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் பெஞ்சில் இடம் கிடைக்கும். அப்புறம் பெருவிழா வரை இருந்து, சப்பரத்துக்கு வாசலில் உட்கார வீடு இல்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வாங்க. பவனி எங்கள் தெரு வழியாகத்தான் போகும். எந்தத் தேதி என்று முடிவானதும் தனிச்செய்தியில் சொல்லுங்க, அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன்.