கேன் அண்ணன் தங்கை மாதிரி இன்னொரு கதை சொல்லுங்களேன்

ரிக் ரியோர்டனின் ‘தி ரெட் பிரமிட்’டில் (2010) ஆரம்பித்து மூன்று பாகத்தையும் என் அக்கா மகள் முடித்துவிட்டாள், இப்போது அதே மாதிரி வேறு கொடு என்று உயிரை எடுக்கிறாள். கதையில் கேன் குடும்பத்து அண்ணன் தங்கையின் அப்பா பிரிட்டிஷ் மியூசியத்தில் ரோசெட்டா கல் என்ற பழைய எகிப்துக் கல்வெட்டை வெடிக்கவைக்க, வெளியே வந்த எகிப்துக் கடவுள்களில் ஹோரஸ் அண்ணனுக்குள்ளும் ஐசிஸ் தங்கைக்குள்ளும் புகுந்துகொள்வார்கள், பார்வோன் வம்ச ரத்தம் என்பதால் தாங்குகிறது. ஆனால் அவளுக்குப் பிடித்தது அதுகூட இல்லை, அண்ணனும் தங்கையும் ஒலிப்பதிவு செய்வதுபோல மாறி மாறி மைக்கைப் பிடுங்கிக் கதை சொல்லும்போது ஒருவரை ஒருவர் வாருவார்களே, அதுதான். சக்தி பரம்பரையாக வரணும், கூடப்பிறந்தவர்கள் அடித்துக்கொள்ளணும், காதல் கொஞ்சமாக இருந்தால் போதும். 13 வயசுக்குத் தோதாக, தமிழிலேயே இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், அதே ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் தொடர் எல்லாம் ஏற்கெனவே கரைத்துக் குடித்தாயிற்று, அதை விட்டுவிட்டுச் சொல்லுங்க.