ஷட்டர் லேக்: 'சொடுக்குச் சுணக்கம்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்ங்க.

கேமராவில் பொத்தானை அமுக்கியதற்கும் படம் பதியத் தொடங்குவதற்கும் நடுவே ஆகும் நேரத்தை 'ஷட்டர் லேக்' (shutter lag) என்கிறார்கள். அதற்குத் தமிழில் இங்கே சொல்லப்பட்ட 'மூடித் தாமதம்' எனக்குச் சரிப்படவில்லை. கேமரா பிடிப்பவர்களுக்கு மூடி என்றால் லென்ஸுக்கு மேல் போடும் மூடிதான். அதைவிட முக்கியமாக, இந்தத் தாமதத்துக்கும், ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் ஷட்டருக்கும் பெரிய தொடர்பே இல்லை.

2000களின் தொடக்கத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ரேக்ளா பந்தயத்துக்குப் புதிதாக வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமராவோடு போயிருந்தேன். சாட்டையைச் சொடுக்கியதும் காளைகள் கழுத்தை நீட்டிப் பாய்ந்து வந்தன. இரண்டு முகமும் திரைக்குள் வந்த கணத்தில் அமுக்கினேன். படத்தில் விழுந்தது செம்மண் புழுதியும் ஒரு வாலும் பாதிச் சக்கரமும்தான். பக்கத்தில் நின்ற மாமா பழைய பிலிம் எஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) எடுத்த படத்திலோ மூக்கணாங்கயிற்றின் முடிச்சுகூடத் தெரிந்தது.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். கேமரா அரை நொடி எடுத்துக்கொண்டால் காளை 5 மீட்டர் தாண்டியிருக்கும்.

மாமா ஃபோகஸை முன்னாலேயே கையால் வைத்துவிட்டார். அமுக்கியபின் கண்ணாடி மேலே எழ வேண்டும், லென்ஸின் துளை சுருங்க வேண்டும், உடனே ஷட்டர் திறந்துவிடும். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. என் கேமரா அமுக்கிய பிறகுதான் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் தேடியது, வெளிச்சத்தை அளந்தது, ஒளியைப் பதியும் சென்சாரைத் தயார் செய்தது. அந்தக் காலச் சின்ன கேமராக்களில் இதற்கு அரை நொடி, சிலவற்றில் ஒரு நொடிகூட ஆகும். பொத்தானைப் பாதி அமுக்கி ஃபோகஸைப் பிடித்து வைத்துக்கொண்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஷட்டர் பாவம், வரிசையில் கடைசி ஆள்.

ஷட்டருக்கு ஈரோட்டு நண்பர் ஒருவர் சொன்ன 'மதகு' அழகான சொல். வாய்க்கால் மதகை நாமும் ஷட்டர் என்றுதானே சொல்கிறோம்! ஆனால் 'மதகுச் சுணக்கம்' என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம் வந்துவிடும். கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் நீளம். பவானிசாகரில் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். அது திறந்த பிறகு வரும் காத்திருப்பு. நாம் பேசுவது திறப்பதற்கு முந்தியது.

அதனால் விரலிலிருந்து பெயர் வைப்போம். சாட்டைக்கும் கணினிச் சுட்டிக்கும் சொடுக்கு ஏற்கெனவே இருக்கிறது. 'தாமதம்' என்றால் யாரோ நேரத்துக்கு வரவில்லை என்ற குறை தொனிக்கிறது. 'வேலை சுணங்கிப்போச்சு' என்று வீட்டில் சொல்லும்போது நடுவில் ஏதோ இழுக்கிறது என்பது புரிந்துவிடும். சொடுக்குச் சுணக்கம்: மோனையும் கூடிவருகிறது.

இன்னொரு வசதி, இதிலிருந்து கிளை பிரிக்கலாம். ஃபோகஸ் தேடும் நேரம் குவியச் சுணக்கம். திரையில் காட்சி பிந்தித் தெரிவது காட்சிச் சுணக்கம். இப்போது பல கைப்பேசிகள் கேமரா திறந்திருக்கும்போதே படங்களை நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே இருந்து, அமுக்கிய கணத்துக்கு உரியதை எடுத்துத் தருகின்றன. அதைச் 'சுணக்கமில்லாப் பதிவு' எனலாம்.

விளக்கம் இப்படி இருக்கட்டும்: 'பொத்தானை முழுதாக அமுக்கியதிலிருந்து ஒளி பதியத் தொடங்கும் வரையிலான நேரம், மில்லிநொடியில் அளப்பது.' ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது வேறு, அதற்கான சொல்லைத் தனியாகப் பேசலாம்.

'காட்சிச் சுணக்கம்' மட்டும் எனக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை. வேறு சொல் தோன்றினால் சொல்லுங்க.