அரிசியைக் களைந்ததற்குத் திட்டு வாங்கினேன்

இத்தாலியின் வெர்செல்லியில் படித்தபோது மாடியறை ஒன்றில் குடியிருந்தேன். சுற்றிலும் நெல்வயல். வசந்தத்தில் தண்ணீர் கட்டிவிட்டால் ரயிலிலிருந்து பார்க்கும்போது தரையெல்லாம் சதுரம் சதுரமாக வானம் கிடக்கும். அரிசிப் பாக்கெட்டில் ரகத்தின் பெயராகப் பார்க்கும் 'அர்போரியோ' அந்த மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது.

முதல் தடவை ரிசொட்டோ, அதாவது சூப்பில் கிளறி வேகவைக்கும் இத்தாலியச் சோறு, செய்தபோது கைப்பழக்கத்தில் அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். வீட்டுக்காரப் பாட்டி பதறிப்போய்ப் பாத்திரத்தைப் பிடுங்கிவிட்டார். நான் கொட்டிய கழுநீரில் போன மாவுதான் ரிசொட்டோவைக் கொழகொழப்பாக்குமாம். "அப்படியென்றால் கிரீம் ஊற்றலாமா?" என்று கேட்டேன். அதற்கு விழுந்த திட்டு தனிக்கதை.

அப்புறம் அவரே செய்து காட்டினார். வெங்காயம் வெண்ணெயில் வதங்கியதும் அரிசியைப் போட்டு, சிவக்கவிடாமல் சூடேற வறுத்தார். வெள்ளை ஒயின் வற்றிய பிறகு, பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சூப்பைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறினார். 16 நிமிடம் ஆனதும் ஒரு பருக்கையை எடுத்தார். என் அம்மாவாக இருந்தால் விரலால் நசுக்கிப் பார்ப்பார். இவர் பல்லில் கடித்தார். நடுவில் துளி கடினம் இருந்தது. உடனே அடுப்பை அணைத்தார். குளிர்ந்த வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் அதற்குப் பிறகுதான்.

*

நான் இன்னொருவன், மிலானில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அடுப்படிக்கு வந்தவன். எங்கட செஃப் குங்குமப்பூ ரிசொட்டோவைப் போட்டதும் தட்டின் அடியில் ஒரு தட்டு தட்டுவார். சோறு அலைபோலப் பரவ வேணும், மேடாக நின்றால் திரும்பி வரும். கார்னரோலி என்ற அரிசி ரகத்தைத்தான் வாங்குவார், அர்போரியோ கொஞ்சம் பிந்தினாலே குழைந்துபோகும் என்பார். மிஞ்சியதை அடுத்த நாள் சட்டியில் அடைபோலத் தட்டி, இரண்டு பக்கமும் முறுகவிட்டு எடுப்போம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

*

மூன்றாவதாக என் பங்குக்கு: அரிசி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெறும் 'கார்னரோலி' என்று போட்ட பாக்கெட்டில் அதே இனத்தைச் சேர்ந்த வேறு ரகமும் இருக்கலாம், இத்தாலியின் 2017 சட்டப்படியே. 'கிளாசிகோ' என்று சேர்த்திருந்தால் அசல் ரகம். நம் ஊர்ப் பொன்னி மூட்டை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒரு வருடம் வேறு ரகத்தை வாங்கிவிட்டு, என் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.