மாட்டுக் கொட்டாய்க்கு அஸ்திவாரம்: கடலூர், பாகூர் பக்கத்து அனுபவங்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து:

2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்று எங்கள் தெருவில் கொட்டாய்களின் தகரம் மட்டும் பறக்கவில்லை. கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போனது. அதனால் வீட்டில் நாலு மாட்டுக்குக் கொட்டாய் போடும்போது கம்பக்குழி இரண்டரை அடி ஆழம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கொத்தனாருக்குச் சிரிப்பு. "அண்ணே, மேல தகரம்தான வரப்போவுது, மாடி வீடா கட்டப்போறீங்க?" வெயிட்டைத் தாங்க இல்லை தம்பி, காத்து தூக்காமல் இருக்கத்தான் என்றேன். குழியின் அடியில் ஒன்றுக்கு நாலுக்கு எட்டு (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை, ஒன்றரை இஞ்ச் ஜல்லி. கம்பமாக நடும் பைப்பின் அடிமுனையில் குறுக்கே கம்பித்துண்டு வெல்டிங் வைத்து இறக்கினோம். வழுவழுப்பான பைப்பை வெறும் கான்கிரீட் அவ்வளவாகப் பிடிக்காது.

தரைக்குச் செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து இறுக்கி, மேலே நாலு இஞ்ச் கான்கிரீட், ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. மூத்திரக் கால்வாயை நோக்கிப் பத்தடிக்கு இரண்டு இஞ்சிலிருந்து மூணு இஞ்ச் வாட்டம், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயில் மட்டம்) பிடித்துத்தான். கண் மட்டத்தை நம்ப வேண்டாம். நம் ஊர்க் கொத்தனார்களுக்குத் தரையைக் கண்ணாடி மாதிரி தேய்த்தால்தான் திருப்தி. சினை மாடு வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? ஈரம் இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறல் இழுக்கச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இழுத்தார்.

பாகூரிலிருந்து:

எங்கள் கொல்லை களிமண். கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அதன்மேல் நேரே கான்கிரீட் போட்டால் தரை பிளக்கும் என்பதால் மேல்களியை வெட்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்பினோம். 2024 ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் நின்ற மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்திருந்தோம். அதற்கு மேல் அரையடி ஏற்றித் தரை, மாடு ஏற சாய்தளம்.

இன்னொன்று. இரும்புக் கம்பம் மேலே அவ்வளவாகத் துருப்பிடிப்பதில்லை. தரையை ஒட்டி, மூத்திரமும் சாணியும் படுகிற இடத்தில்தான் அரித்துத் தின்னும். கம்பத்தைச் சுற்றி அரையடி உயரத்துக்குக் கான்கிரீட் குமிழ் எழுப்பி, தலையில் சரிவு கொடுத்துவிடுங்கள். தண்ணீர் தங்காது.

கடலூர் முதுநகரிலிருந்து:

எங்கள் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இந்தியத் தரநிலை 456-இன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாததற்கு 2000 வரை போகலாம். உப்புத் தண்ணீரிலும் சிமெண்ட் இறுகிவிடும், உள்ளே கம்பிதான் துருப்பிடித்துப் போய்விடும். டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கினோம். கலவைக்கு மட்டும் போதும் என்றார்கள், போட்ட தரை காயாமல் இறுக, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவும் அதையே ஊற்றினோம். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (PPC, சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்ட். அதற்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. அதுவரை மாட்டை வேப்பமரத்தடியில் கட்டுங்கள்.