கைடுலைன் வேல்யூவை நம்பி வீடு பார்க்கலாமா?

தாமிரபரணிக்காரி:
எட்டு மாதமாகத் திருநெல்வேலியில் மகாராஜநகர், பெருமாள்புரம், வி.எம்.சத்திரம் என்று வீடு பார்த்து அலைகிறோம். பதிவுத்துறை இணையதளத்தில் தெருப் பெயரைப் போட்டு, அந்தத் தெருவுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற கைடுலைன் வேல்யூவைப் (வழிகாட்டி மதிப்பை) பார்த்துவிட்டுப் போனால், அங்கே கேட்கிற விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போன வாரம் ஒரு வீடு பிடித்திருந்தது. 40 லட்சம் கேட்டார்கள், சரி என்றோம். அப்புறம்தான் தரகர், "பத்திரத்துல 22தான் போடுவாங்க, மிச்சம் கையில" என்றார். நாளைக்கு அரசாங்கக் கணக்கில் அந்தத் தெருவின் விலையாக ஏறப்போவது இந்த 22தான். ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடும் பதிவு அலுவலகத் தரவை வைத்துத்தான் போடப்படுகிறது. அதிலும் தமிழ்நாட்டில் சென்னை மட்டும்தான். இந்த எண்களை வைத்து நம்ம ஊர் விலையைப் பற்றி என்ன பேச முடியும்?

பத்திரக்கை:
நான் இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன். கைடுலைன் வேல்யூ சந்தை விலை என்று யாரும் சொல்லவில்லை தங்கச்சி. முத்திரைத் தீர்வை கட்ட இதற்குக் கீழே காட்டாதே என்கிற தரை அது. தரையை அளந்துவிட்டு வீட்டின் உயரம் தெரியவில்லை என்றால் எப்படி?

நீங்கள் சொல்கிற "சந்தை விலை" மட்டும் யார் பார்த்தது? துபாயிலிருந்து வந்த ஒருவர் அவசரத்தில் கூடக் கொடுத்து வாங்குவார். மறுநாளே தெரு முழுக்க அதே விலையைச் சொல்வார்கள். ஆறு மாதம் ஆனாலும் ஒன்றும் விற்காது. கேட்கிற விலை வேறு, கைமாறுகிற விலை வேறு. காசு செலவில்லாமல் யாரும் சரிபார்க்கக்கூடிய எண் என்று நம்மிடம் இருப்பது கைடுலைன் ஒன்றுதான்.

தாமிரபரணிக்காரி:
அண்ணாச்சி, அந்தத் தரையே ஆடுகிறதே. 2012-இல் ஏற்றினார்கள். 2017 ஜூனில் ஒரேயடியாக 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் பழைய மதிப்பையே திரும்பக் கொண்டுவந்து, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி மாற்றம். 2017-இல் 33 சதவீதம் குறைந்தபோது பாளையங்கோட்டையில் எந்த வீட்டுக்காரராவது விலையைக் குறைத்தாரா? வீட்டு விலையைப் பார்த்து மாற்றிய எண்ணாக எனக்குத் தெரியவில்லை.

சிந்துபூந்துறை:
எங்கள் கதை நேர்மாறு. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பியின் மூன்றாவது குறுக்குச் சட்டம் வரை தண்ணீர் நின்றது. மூன்று தடவை வெள்ளையடித்தும் அந்தப் பழுப்புக் கோடு மேலே வருகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் அடுக்களையைக்கூடப் பார்ப்பதில்லை. நேரே சுவரிடம் போய் நிற்கிறார்கள். அப்புறம் கைடுலைனுக்கும் கீழேதான் கேட்கிறார்கள்.

அந்த விலைக்கே கொடுத்துவிடலாம் என்றாலும் வழியில்லை. கைடுலைன் நம் விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூட இருந்தால், வருமான வரியில் அந்தக் கைடுலைன் மதிப்புக்கே நான் விற்றதாகக் கணக்கு. வாங்குகிறவருக்கும் அந்த வித்தியாசம் வருமானமாம். வராத பணத்துக்கு வரி கட்ட வேண்டும் அண்ணாச்சி. வெள்ளம் வந்த தெருவுக்கும் வராத தெருவுக்கும் வித்தியாசம் தெரியாத எண்ணை எதற்கு நம்புவது?

பத்திரக்கை:
தம்பி, உங்களுக்கு வழி இருக்கிறது. உண்மை விலையையே எழுதிப் பதிவுக்குக் கொடுங்கள். முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்புவார்கள், இடத்தைப் பார்த்து மதிப்பு நிர்ணயிப்பார்கள். வருமான வரியிலும் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அலைச்சல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். வெள்ளப் படங்களை எடுத்து வையுங்கள்.

ஆனால் தங்கச்சி சொல்கிற 22 லட்சத்துக்குக் கைடுலைன் பொறுப்பா? கூட எழுதாதே என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த 9 சதவீதத்தை நினைத்து வாங்குகிறவரும், வரியை நினைத்து விற்கிறவரும் சேர்ந்து குறைக்கிறார்கள். நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

தாமிரபரணிக்காரி:
வாங்குகிறவர் ஆசைப்பட்டுக் குறைக்கிறார் என்று சொல்லாதீர்கள், எங்களுக்கு வயிறு எரிகிறது. கணக்கைப் பாருங்கள். 40 எழுதினால் வங்கி 80 சதவீதம், 32 லட்சம் வரை கடன் தரலாம். எங்கள் கையிலிருந்து 8 லட்சம். 22 எழுதினால் 90 சதவீதமே கொடுத்தாலும் 19 லட்சத்து 80 ஆயிரம்தான். மிச்சம் 20 லட்சத்துச் சொச்சத்துக்கு நான் எங்கே போவேன்? பத்திரச் செலவில் மிச்சமாவது 1 லட்சத்து 62 ஆயிரம். சம்பளக்காரரை வெளியே தள்ளுகிற ஏற்பாடு இது. ரொக்கம் வைத்திருப்பவருக்கே வீடு போகும்.

இன்னொன்று. சாலைக்கு நிலம் எடுத்தால், 2013 சட்டப்படி கைடுலைன், கடந்த மூன்று வருடத்துப் பத்திரங்களில் விலை கூடுதலான பாதியின் சராசரி, இரண்டில் எது கூடுதலோ அதை வைத்துத்தான் இழப்பீடு போடுவார்கள். பக்கத்து வயல்காரர் குறைத்து எழுதியது என் அப்பாவின் வயலுக்கும் விலையாகிவிடும்.

பத்திரக்கை:
அந்த இழப்பீட்டு விஷயத்தில் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. கங்கைகொண்டான் பக்கம் ஒரு பெரியவர் தன் பழைய பத்திரத்தை என்னிடம் நீட்டி, "இதுல கூட எழுதியிருக்கலாம்லா" என்று கேட்டார். எழுதியது என் கைதான்.

அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே நேரில் பேசுங்கள் தங்கச்சி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். தரகர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

தாமிரபரணிக்காரி:
நேற்று போனோம் அண்ணாச்சி. முழுசாக 40 எழுதினால் அட்வான்ஸ் தயார், எல்லாம் வங்கி வழியாக என்று சொல்லிவிட்டு வந்தோம். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் போன் வரவில்லை.