யூரியாவை நிறுத்தினேன், விளைச்சல் பாதியாகிவிட்டது. தப்பு யாருடையது?

குடமுருட்டிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். திருக்காட்டுப்பள்ளி பக்கம் எங்களுக்கு ஆறு மா (இரண்டு ஏக்கர்) நிலம், பம்புசெட் உண்டு. இளங்காடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். அந்த ஊரில் பிறந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தத் துணிச்சலில் இந்தக் குறுவைப் போகத்துக்கு மூன்று மாவில் யூரியா, டிஏபி இரண்டையும் அடியோடு நிறுத்தினேன். நெல் ரகம் ஆடுதுறை 43. நடவுக்கு நாலு நாள் முன்னால் ஒரு டிப்பர் சாணி எருவும், போரில் மிச்சமிருந்த வைக்கோலும் போட்டு உழுதேன். சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு கரைத்துப் புளிக்கவைத்த ஜீவாமிர்தம் 4 தடவை விட்டேன். மீதி மூன்று மாவில் அப்பா வழக்கம்போல உரம் போட்டார். அறுத்துப் பார்த்தால் அவருக்கு மாவுக்கு 12 மூட்டை, எனக்கு 6. (60 கிலோ மூட்டை.) அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையைத் தைத்துக்கொண்டே சிரித்தார், அதுதான் தாங்கவில்லை. முறையே தப்பா, நான் செய்தது தப்பா?

வடவாறு:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். டெல்டாவில் நெல்லுக்குப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). ஏக்கருக்கு 60 கிலோ. உங்கள் மூன்று மாவும் ஒரு ஏக்கர்தான். ஒரு தடவை ஜீவாமிர்தத்தில் சாணி 10 கிலோ, அதில் தழைச்சத்து 50 கிராம் தேறும். மாட்டுக் கோமியம் 10 லிட்டரில் ஒரு 100 கிராம். பயறு மாவு 2 கிலோவில் 70 கிராம். வெல்லத்தில் ஒன்றுமில்லை. நாலு தடவைக்கும் சேர்த்து ஒரு கிலோகூட வரவில்லை! யூரியா மூட்டை ஒன்றில், 45 கிலோவில், 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து. உங்கள் டிப்பர் எருவை இரண்டு டன் என்று வைத்தாலும் 10 கிலோ, அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. பயிர் பட்டினி கிடந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு, நெல் அடிவாங்கி, நவம்பரிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். ஒரு நாட்டுக்கே ஆனது ஒரு ஏக்கருக்கு ஆகாதா?

பூங்கார் பித்தன்:
ஜீவாமிர்தத்தை உரம் என்று யார் சொன்னது? அது உறைமோர். ஒரு கரண்டி மோரில் எத்தனை கிராம் தயிர் இருக்கிறது என்று எடை போடுகிறீர்களே ஐயா!

நானும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு ஏக்கரில் மேலே 15 செ.மீ. ஆழத்துக்கு இருக்கும் மண் சுமார் 900 டன். அதில் கரிமம் (கார்பன்) அரை சதவீதம் இருந்தாலே 4,500 கிலோ. அந்தக் கரிமத்தோடு கட்டுண்டு கிடக்கும் தழைச்சத்து 400 கிலோவுக்குக் குறையாது. அதை அவிழ்த்துப் பயிருக்குக் கொடுப்பது நுண்ணுயிர். போதாததற்கு, நிற்கும் தண்ணீரில் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துப் போடுகிறது. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் ஆராய்ச்சி நிலையத்தில் 1963 முதல் நெல்லுக்கு மேல் நெல் போட்டுவரும் வயலில், தழைச்சத்தே போடாத பாத்தியும் ஓயாமல் விளைந்துகொண்டுதான் இருக்கிறது. திருத்துறைப்பூண்டி பக்கம் நான் ஒன்பது வருஷமாக உரக்கடை வாசலை மிதிக்கவில்லை. என் குடும்பம் பட்டினி கிடக்கவும் இல்லை.

வடவாறு:
உறை சரி, பால் எங்கே? வெறும் சட்டியில் உறை ஊற்றினால் தயிர் வருமா? நீங்கள் சொல்லும் 400 கிலோவில் ஒரு பருவத்தில் அவிழ்வது கொஞ்சம்தான். லாஸ் பானோஸ் பாத்தி விளைகிறது, மறுக்கவில்லை. ஆனால் உரம் போட்ட பாத்தியைவிட நன்றாகவே குறைவு. தம்பிக்குக் கிடைத்த 6 மூட்டை அதுதான்.

அப்புறம், உங்கள் ரகம் பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா. அவை குறைந்த சத்தில் வாழப் பழகியவை. அதிகம் போட்டால் சாய்ந்துவிடும். ஆடுதுறை 43 உரத்துக்கென்றே வந்த பயிர். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கடைமடை:
இரண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க. எங்களுக்கு மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேரவே ஜூலை கடைசி. மண்ணில் உப்பு. வீட்டில் மாடு இல்லை. வைக்கோலைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறோம், அந்தக் காசில்தான் அறுவடை மெஷின் வாடகை போகிறது. இதில் எருவுக்கு நான் எங்கே போவேன்?

அரசலாறு:
குடமுருட்டித் தம்பி, நான் கும்பகோணத்துக்குக் கிழக்கே. இவர்கள் கணக்கு இருக்கட்டும், நடவு முடிந்து 20 நாளில் உங்கள் பயிர் எப்படி இருந்தது? வேரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

குடமுருட்டிக்கரை:
பார்த்தேன் அக்கா. பதினைந்தாம் நாளே மஞ்சள் அடித்தது. தூர் கட்டவில்லை. வயலில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வந்தது. ஒரு நாற்றைப் பிடுங்கினேன், வேர் கறுப்பாக, கூழ் மாதிரி கையோடு வந்தது. அழுகின முட்டை வாடை. அப்பா வயலில் பிடுங்கியதில் வேர் பழுப்புச் சிவப்பாகத் துரு பிடித்த மாதிரி இருந்தது, நுனி மட்டும் வெள்ளை. அவருடையதுதான் கெட்டுப்போனது என்று அன்றைக்கு நினைத்தேன்!

அரசலாறு:
தலைகீழ் தம்பி. அந்தத் துருதான் நல்ல வேர். வேர் வழியாகக் காற்று இறங்கி, சுற்றியிருக்கும் இரும்பு துருவாகப் படிகிறது. கறுப்பும் முட்டை வாடையும் வந்தால் கந்தக வாயு, வேர் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். மக்காத எருவையும் வைக்கோலையும் நடவுக்கு நாலு நாள் முன் சேற்றில் புதைத்துத் தண்ணீர் கட்டினால் அப்படித்தான் ஆகும்.

மஞ்சளுக்கும் அதே வைக்கோல்தான் காரணம். வைக்கோலில் கரிமம் தழைச்சத்தைப்போல் 60, 80 மடங்கு. அதைத் தின்னும் நுண்ணுயிருக்குத் தழைச்சத்து வேண்டுமே, பயிரிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். மக்கி அந்த விகிதம் இருபதுக்குக் கீழே வந்த பிறகுதான் அது பயிருக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். ஆக, உங்கள் வயலில் நுண்ணுயிர் இல்லாமல் இல்லை. ஏராளமாக இருந்தது, பயிரோடு பந்தியில் போட்டிக்கு உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள் வயலைக் காயவிட்டிருந்தால் வேர் தப்பியிருக்கும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பூங்கார் பித்தன்:
அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பச்சை எருவைச் சேற்றில் புதைத்துவிட்டு இயற்கை வேளாண்மை கைவிட்டது என்றால் எப்படி?

வடவாறு:
சரி, நன்றாக மக்கிய எருவே போடட்டும். 60 கிலோவையும் அதிலேயே கொடுக்க எத்தனை டிப்பர் என்று சொல்லுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909இல் ஆரம்பித்த நிலையான உரப் பரிசோதனை இருக்கிறது. எருவும் உரமும் சேர்ந்த பாத்திதான் அங்கே மேல்.

பூங்கார் பித்தன்:
அது நெல் வயல் இல்லையே ஐயா. அதே பரிசோதனையில் தழைச்சத்து உரம் மட்டும் போட்ட பாத்தி என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று. யூரியா மூட்டை உங்கள் கைக்கு 266 ரூபாய் 50 காசுக்கு வருகிறது, மீதி அரசாங்க மானியம். என் எருவுக்கு யார் மானியம் தருகிறார்கள்? கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17க்கு மேல் போகிறதா என்று குத்திப் பார்க்கிறார்களே தவிர, எப்படி விளைந்தது என்று ஒருத்தர் கேட்டதில்லை.

அரசலாறு:
நான் செய்வதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பா ஒரு போகம்தான் எனக்கு. தண்ணீர் வந்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச் செடி) விதை தெளிப்பேன். 40, 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுது, ஒரு வாரம் பத்து நாள் அழுகவிட்டு நடவு. செடி நன்றாக வந்தால் ஏக்கருக்கு 25, 30 கிலோ தழைச்சத்து அதிலேயே வரும். பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வெறும் அலங்காரம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் ஈரத்திலேயே உளுந்து தெளித்துவிடுவேன், செடியைக் காய் பறித்தபின் அங்கேயே உழுதுவிடுவேன். கோடையில் ராமநாதபுரம் பக்கத்து ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்தால், எருவுக்காக வயலில் இரண்டு ராத்திரி ஆட்டுக்கிடை. இவ்வளவுக்கும் பிறகு, முன்பு இரண்டரை மூட்டை போட்ட யூரியா இப்போது ஒன்றேகால். அதையும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வெளிறினால்தான் போடுகிறேன். மாவுக்கு 11க்குக் குறையவில்லை. புகையான் பூச்சிக்கு மருந்தடித்து மூன்று வருஷம் ஆகிறது, பச்சை கட்டாத பயிரில் அது அவ்வளவாக ஏறுவதில்லை.

பூங்கார் பித்தன்:
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்!

அரசலாறு:
நடவு வயலில் நிற்பவளுக்கு வேறு எங்கே கால் இருக்கும் அண்ணே?

கடைமடை:
ஹா ஹா. அக்கா, இரண்டு போகக்காரருக்கு வழி சொல்லுங்க. குறுவை அறுத்த சூட்டில் அடுத்த போகம் தாளடி நடணும். 45 நாள் பூண்டுக்கு எங்கே இடம்?

வடவாறு:
இடையில் இடமில்லை. பம்புசெட் இருந்தால் ஏப்ரல், மே மாதத்தில், குறுவைக்கு முன்னால் தெளிக்கலாம். தம்பிக்கு முடியும், உங்களுக்கு முடியாது. உங்களுக்குத் தரிசு உளுந்துதான். வைக்கோலை விற்பதை மட்டும் யோசியுங்கள். பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் (பொட்டாஷில்) பெரும்பங்கு வைக்கோலில்தான் போகிறது. லாரியில் ஏற்றிவிட்டு அப்புறம் பொட்டாஷ் மூட்டையைக் காசு கொடுத்து வாங்குகிறோம். பாதியையாவது வரப்பு ஓரம் குவித்து, சாணிப்பால் தெளித்து மக்கவையுங்கள். (நான் இதைச் சொன்னதைப் பித்தன் படம் பிடித்து வைத்துக்கொள்ளட்டும்.)

பூங்கார் பித்தன்:
பிடித்தாயிற்று. ஐயாவும் வழிக்கு வருகிறார். ஆனால் அந்த ஒன்றேகால் மூட்டையும் ஐந்து வருஷத்தில் தேவைப்படாது என்பதில் நான் மாறவில்லை.

வடவாறு:
ஆடுதுறை 43இல் மாவுக்கு 12 மூட்டையை அப்படி எடுத்துக் காட்டுங்கள், திருத்துறைப்பூண்டிக்கே வந்து கதிர் அறுக்கிறேன்.

குடமுருட்டிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. தாளடிக்கு அப்பாவிடம் பேசிவிட்டேன். ஒரு மா மட்டும் எனக்கு, ஐந்து மா அவருக்கு என்றார். மிச்சமிருக்கும் எருவை இன்றைக்கே கிளறிக் குவித்துவிட்டேன், அடியில் இன்னும் சூடு பறக்கிறது. யூரியா பாதி போடுவேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் தக்கைப்பூண்டு. அக்கா, கிடைக்காரர் யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

அரசலாறு:
உளுந்து எடுத்த பிறகுதான் வருவார்கள் தம்பி. மாசி கடைசியில் ஞாபகப்படுத்துங்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், ஆட்டை எண்ணிப் பேசுங்கள்.